நொடி என்று நான் படித்தது

மூச்சுப் பயிற்சியைப் பற்றி எழுதுவதென்றால், என் இரண்டு கைகளும் மரத்துப் போய் மடங்கிக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். 2016ஆம் ஆண்டு அது. ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு நாள் முகாம்; பாய் விரித்து ஐம்பது, அறுபது பேர் உட்கார்ந்திருந்தோம். ஒலிபெருக்கியில் உடுக்கைச் சத்தம் ஏற ஏற, மூக்கால் மூச்சை உறிஞ்சித் தள்ள வேண்டும். கொல்லன் துருத்தி ஊதுவது போல, முதலில் நிதானமாக, பிறகு வேகமாக, பிறகு இன்னும் வேகமாக. பத்து நிமிடம் கடந்திருக்கும். உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போல இருந்தது. விரல் நுனிகள் மரத்தன. சற்று நேரத்தில் இரண்டு மணிக்கட்டுகளும் தாமாக மடங்கி, விரல்கள் நீட்டியபடியே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கட்டைவிரல் உள்ளங்கைப் பக்கம் இழுத்துக்கொண்டு, கொக்கின் அலகு போல நின்றுவிட்டன. பிரிக்கப் பார்த்தேன், பிரியவில்லை. பயிற்சி நடத்தியவர் என் உச்சந்தலையில் கை வைத்து, குண்டலினி அசைந்துவிட்டது, பயப்பட வேண்டாம் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பக்கத்துப் பாயில் இருந்த பெரியம்மா ஒருவர் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

அந்தக் கும்பிடுதான் என்னைக் கெடுத்தது. மூன்று வாரம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அதே துருத்தியை ஊதினேன். கை மடங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு படி ஏறிவிட்டதாகக் கணக்கு வைத்துக்கொண்டேன். நான்காவது வாரம் சமையலறையில் தலை சுற்றி விழுந்ததால், எங்கள் குடும்ப மருத்துவரிடம் போக நேர்ந்தது. கையை நான் நடித்துக் காட்டியதும் அவருக்குப் புரிந்துவிட்டது. பயந்து போய் மேல்மூச்சு வாங்குகிறவர்களுக்கும் இதே கைதான் வருகிறது என்றார். அளவுக்கு மீறி மூச்சைத் தள்ளும்போது உடம்பிலுள்ள கரியமில வாயு தேவைக்கு மேல் வெளியேறி, இரத்தத்தின் காரத்தன்மை கூடிவிடுகிறது. இரத்தத்தில் தனித்து உலவும் கால்சியத்தில் ஒரு பகுதி புரதத்தோடு போய் ஒட்டிக்கொள்கிறது. அதனால் நரம்புகள் சும்மா இருக்கும்போதே துடிக்கத் தொடங்கி, கை இழுத்துக்கொள்கிறது. மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்களும் அதே காரணத்தால் சுருங்குவதால்தான் தலை மிதப்பது போல இருக்கிறது. மூச்சைச் சற்று மெதுவாக்கினால் தானாகச் சரியாகிவிடும் ஒரு விஷயத்துக்கு நான் மூன்று வாரம் ஊதுவத்தி ஏற்றியிருக்கிறேன்.

நான் எதற்காக அந்த முகாமுக்குப் போனேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிவகாசியில் அச்சகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்துவது என் வேலை. ஆண்டின் பெரும்பகுதி பாடநூல், கையேடு, திருமண அழைப்பிதழ் என்று போகும். தினசரி நாள்காட்டி வேலை தொடங்கிவிட்டால் மட்டும் வேறு எதற்கும் நேரம் இருக்காது. அடுத்த ஆண்டுக்கான மாதிரிகளை ஆடிப்பெருக்கன்று பூசை போட்டு வெளியிடுவது எங்கள் ஊர் வழக்கம் என்பதால், அதற்கு முந்தைய மாதங்களில் 365 தாள்களின் திதியும் நட்சத்திரமும் ராகுகாலமும் சூலமும் என் கண் வழியாகத்தான் போகும். இருபது ஆண்டுகளாகப் பார்த்துப் பார்த்து, செவ்வாய் என்றால் ராகுகாலம் 3 முதல் 4.30, புதன் என்றால் 12 முதல் 1.30, வியாழன் என்றால் 1.30 முதல் 3 என்று எனக்குத் தூக்கத்தில்கூட வரும். வினை அங்கேதான் இருந்தது. ஒரு புதன்கிழமைத் தாளில் வியாழனுக்குரிய நேரம் ஏறியிருந்தது. நான் அதைப் பார்த்து, சரி என்று கையெழுத்தும் போட்டிருந்தேன். தாள் ஓடத் தொடங்குவதற்கு முன்பு அச்சு இயந்திரத்தில் நின்ற பையன் ஒருவன் கண்டுபிடித்துச் சொன்னதால் பிழைத்தோம். என் கண் அந்த வரியின் மேல் போயிருக்கிறது, மனம் போகவில்லை. மனப்பாடமாக இருந்த நேரத்தைத் தாளின் மேல் போட்டுப் படித்துவிட்டு நகர்ந்திருக்கிறேன். மனத்தை ஒருமுகப்படுத்த ஏதாவது பயிற்சி உண்டா என்று நான் தேடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். ஞானம், முக்தி என்ற பெரிய நோக்கமெல்லாம் அப்போது இல்லை.

மருத்துவரிடம் போய் வந்த பிறகு ஓராண்டு எதையும் தொடவில்லை. பிறகு உறவினர் ஒருவர் மூலமாகத் திருவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். நெசவாளியாக இருந்து ஓய்ந்தவர். சித்தர் மரபில் தீட்சை பெற்று நாற்பது ஆண்டுகளாகப் பயிற்சி செய்கிறவர் என்பதை உறவினர்தான் சொன்னார். ஐயா தம் வாயால் சொல்லிக்கொண்டதில்லை. ஆசிரமம் கிடையாது, கட்டணம் கிடையாது, தாடியும் கிடையாது. பழைய தறிக்குழியை மூடிச் சிமெண்டு பூசிய ஓர் அறை, இரண்டு பாய், ஒரு மண்பானை. முகாமில் நடந்ததைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "அடுப்பே பத்த வைக்கல, அதுக்குள்ள ஊதாங்குழல் வாங்கியாச்சா தாயி?" என்று மட்டும் கேட்டார்.

முதல் ஆறு வாரங்கள் அவர் எனக்கு மூச்சுப் பயிற்சியே கொடுக்கவில்லை. ஒரு டப்பாவில் புளியங்கொட்டைகளைப் போட்டுக் கொடுத்தார். காலையில் இருபது நிமிடம் உட்கார வேண்டும். மூச்சை மாற்றக் கூடாது, ஆழமாக்கக் கூடாது. அது போகிற போக்கில் விட்டுவிட்டு, வெளியே வரும் மூச்சை மட்டும் ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ணி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். நினைவு வேறு எங்காவது போய்விட்டதாகத் தெரிந்த கணத்தில் இடப்பக்கத்திலிருந்து ஒரு கொட்டையை எடுத்து வலப்பக்கம் வைத்துவிட்டு ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். முடிந்ததும் கொட்டைகளை எண்ணி, தேதியோடு நோட்டில் எழுதிவிட வேண்டும். இவ்வளவுதான்.

முதல் நாள் மூன்று கொட்டைகள் நகர்ந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மெய்ப்புத் திருத்துகிற மனம் சும்மாவா என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது வாரம் பதினெட்டு ஆயிற்று. நான்காவது வாரம் ஒரு நாள் நாற்பத்தொன்று. நோட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன், பயிற்சி பின்னோக்கிப் போகிறது என்று. ஐயா அந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டு, முதல் நாள் இருபது நிமிடத்தில் மூன்று முறைதான் மனம் அலைந்தது என்று நம்புகிறாயா என்று கேட்டார். நம்பத்தான் செய்திருந்தேன். யோசித்துப் பார்த்தபோது புரிந்தது: அன்று ஏழெட்டு நிமிடம் நீண்ட ஓர் அலைச்சல், பிறகு இன்னொன்று, பிறகு இன்னொன்று, மூன்றுமாகச் சேர்ந்து உட்கார்ந்த நேரம் முழுவதையும் தின்றிருக்கின்றன. நாற்பத்தொன்று நகர்ந்த நாளில் மனம் போன ஒவ்வொரு முறையும் அரை நிமிடத்துக்குள் பிடித்திருக்கிறேன். எண்ணிக்கை கூடியதற்குக் காரணம் கவனம் கூடியதுதான். பிறகு அது மெல்ல இறங்கி, மூன்று மாதத்தில் பத்துக்கும் பதினைந்துக்கும் இடையில் வந்து நின்றது. இன்றைக்கும் ஏறத்தாழ அங்கேதான் நிற்கிறது.

இந்தப் பயிற்சியில் ஒரு நுணுக்கம் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் கொட்டைகளால் பயனில்லை. மனம் போய்விட்டது என்று தெரிந்ததும் நான் உள்ளுக்குள் என்னையே திட்டிக்கொள்வேன். அந்தத் திட்டும் ஓர் அலைச்சல்தான். அதற்கும் ஒரு கொட்டை நகர்த்த வேண்டும் என்று ஐயா சொன்ன பிறகு, ஒரு நாள் வெறும் கோபத்துக்கு மட்டும் ஒன்பது கொட்டைகள் நகர்ந்தன. தறியில் பாவு இழை அறுந்தால் யாரும் தறியை அடிப்பதில்லை, முடிச்சுப் போட்டுவிட்டு நெய்வார்கள் என்றார் அவர். நெசவாளர்கள் அந்த முடிச்சை எவ்வளவு வேகமாகப் போடுவார்கள் என்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்: ஊடை இழையோடு ஓடும் நாடா நின்றதே தெரியாது.

யோக நூல்கள் எட்டு உறுப்புகளைச் சொல்லும்போது, அவற்றில் நான்கை, மூச்சை ஒழுங்குபடுத்தும் பிராணாயாமம், புலன்களை உள்ளே திருப்பும் பிரத்தியாகாரம், தாரணை, தியானம் என்று வரிசை வைக்கின்றன. மனத்தை ஓரிடத்தில் கட்டுவது தாரணை. அந்தக் கட்டு அறுபடாமல் ஓடுவது தியானம். நம்மில் பெரும்பாலோர் தியானம் செய்கிறேன் என்று சொல்வது தாரணைக்கான முயற்சிதான் என்பதில் எனக்கு இப்போது சந்தேகமில்லை. அதைச் சொல்லிக்கொள்வதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை.

ஏழாவது வாரம் நாடிசுத்தி தொடங்கியது. வலக்கையின் சுட்டுவிரலையும் நடுவிரலையும் மடக்கிக்கொண்டு, கட்டைவிரலால் வலது நாசியையும் மோதிரவிரலால் இடது நாசியையும் மாற்றி மாற்றி மூடித் திறக்கும் பயிற்சி, பலருக்கும் தெரிந்ததுதான். இடது வழியாக இழுத்து வலது வழியாக விட்டு, வலது வழியாக இழுத்து இடது வழியாக விட்டால் ஒரு சுற்று. மூச்சு ஓடும் வழிகளை இடகலை, பிங்கலை, சுழுமுனை என்று மரபு சொல்லும் நாடிக் கணக்கை ஐயா விளக்கினார்; ஆனால் எண்ணிக்கைக்குக் கடிகாரத்தைப் பார்க்கவே விடவில்லை. இடக்கையின் நாடித் துடிப்பை முதலில் சில நிமிடம் பிடித்துப் பார்த்து, அந்தத் தாளத்தை மனத்தில் வாங்கிக்கொண்டு, நான்கு துடிப்புக்கு இழுத்து எட்டுத் துடிப்புக்கு விட வேண்டும். இடையில் நிறுத்துவது, அதாவது கும்பகம், மூன்று மாதத்துக்குக் கூடவே கூடாது.

நாடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். மூச்சு உள்ளே போகும்போது துடிப்பு சற்று நெருங்குகிறது; வெளியே வரும்போது சற்று விலகுகிறது. விடுகிற மூச்சு நீளமாக ஆக, இந்த விலகல் விரல் நுனியில் தெளிவாகத் தெரியும். மூச்சை விடும்போது இதயத்தைத் தணிக்கும் நரம்பின் பிடி கூடுவதால் நேரும் இயல்பான மாற்றம் இது. சுற்றுக்குச் சுற்று உடம்பு அமைதியடைவதற்கு இந்த எட்டுதான் காரணம். இழுக்கும் நான்கை அல்ல, விடும் எட்டைத்தான் பழக வேண்டும். என் துடிப்புக் கணக்கில் ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ பத்து விநாடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு வந்தது. ஒரு நாளைக்கு மனிதன் 21,600 மூச்சு விடுகிறான் என்பது நம் மரபுக் கணக்கு. சிதம்பரம் பொன்னம்பலத்தின் கூரையில் வேய்ந்த பொன் ஓடுகள் அந்த எண்ணிக்கைதான் என்பார்கள். அதை வகுத்தால் நிமிடத்துக்குப் பதினைந்து. பதினைந்தை ஆறாக்கிவிட்டோம் என்ற நினைப்பு எனக்குள் மறுபடியும் பழைய கணக்கப்பிள்ளையை எழுப்பிவிட்டது.

என் இரண்டாவது தவறு அங்கே முளைத்தது. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பிராணாயாமம் பற்றிய பாடல்கள் இருக்கின்றன. இழுப்பது ஈரெட்டு, அதாவது 16, நிறுத்துவது 64, விடுவது 32 மாத்திரை என்று ஒரு பாடல் அளவு சொல்கிறது. மாத்திரை எவ்வளவு என்று தெரியாத ஆள் அல்ல நான். தமிழ் படித்து, எழுத்தைப் பார்த்தே சம்பளம் வாங்குகிறவள். 'கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை' என்ற தொல்காப்பிய வரி பள்ளியிலிருந்தே மனப்பாடம். நொடி என்றால் விநாடி. கூட்டினால் ஒரு மூச்சு 112 விநாடி. ஒரே பாய்ச்சலில் முடியாது என்று தெரிந்ததால், ஐயாவுக்குச் சொல்லாமல் 4, 16, 8 என்று தொடங்கி, இரண்டு மாதத்தில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே 10, 40, 20 வரை கொண்டுபோய்விட்டேன்.

முதலில் தூக்கம் போனது. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும், மார்பு படபடக்கும். வீட்டில் சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தேன். மகள் ஒரு நாள், "அம்மா, நீ தியானம் பண்ணாம இருந்தப்ப நல்லாத்தான் இருந்த" என்று சொன்னாள். அப்போதும் நான் நிறுத்தவில்லை. உள்ளே இருக்கும் கசடு வெளியேறுகிறது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். இப்படிப்பட்ட விளக்கங்கள் இந்தத் துறையில் ஏராளமாகக் கிடைக்கும். எந்தத் தொல்லையையும் முன்னேற்றமாக மாற்றிக் காட்டும் வித்தை அவற்றுக்கு உண்டு.

ஐயா கண்டுபிடித்த விதத்தை என்னால் மறக்க முடியாது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் செய்வதை அப்படியே செய்து காட்டச் சொன்னார். மறைக்க முடியவில்லை. செய்யத் தொடங்கியதும் அவர் எழுந்து போய், தலையணை ஓரத்திலிருந்து பிய்த்த ஒரு துளிப் பஞ்சை நூலில் கட்டி எடுத்து வந்து, என் மூக்குக்கு நான்கு விரல் தள்ளி நூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இழுக்கும்போது பஞ்சு மெல்ல அசைந்தது. நாற்பது எண்ணி நிறுத்தி, விரலை எடுத்ததுதான் தாமதம், பஞ்சு துள்ளிப் போய் அவர் கையில் ஒட்டிக்கொண்டது. "பஞ்சு குதிக்குது பாத்தியா தாயி. அடைச்சு வச்ச ஆடு தொறந்ததும் இப்படித்தான் ஓடும்" என்றார். கும்பகத்துக்குப் பிறகு வரும் மூச்சு பஞ்சை அசைக்காத அளவுக்கு நிதானமாக வெளியேறினால், நிறுத்திய நேரம் உனக்குப் பொருத்தமானது. குதித்தால், அது எத்தனை எண்ணிக்கையாக இருந்தாலும் கூடுதல். அவர் சொன்ன அளவுகோல் அவ்வளவுதான். கடிகாரம் ஒவ்வொருவருக்கும் மாறாது. பஞ்சு மாறும், அதே ஆளுக்கு நாளுக்கு நாள்கூட மாறும்.

பிறகு மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் கட்டைவிரலையும் நடுவிரலையும் சேர்த்துச் சொடுக்கிக் காட்டினார். எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. நொடி என்பது இன்றைய பேச்சில்தான் விநாடி. தொல்காப்பியர் சொன்ன நொடி, கை நொடிக்கும் நேரம், சொடுக்குப் போடும் நேரம். கண்ணிமைக்கும் நேரமும் அதுவும் ஏறத்தாழ ஒன்று என்பதால்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்திருக்கிறார். அ என்ற குறிலைச் சொல்லும் நேரம் அது. கண் இமைத்துத் திறக்க ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு என்று தாராளமாக வைத்தாலும், 16 மாத்திரை என்பது ஐந்தாறு விநாடி; 64 என்பது இருபது விநாடிச் சொச்சம். புதன்கிழமைத் தாளில் வியாழனைப் படித்த அதே கண்தான் இந்த வரியையும் படித்திருக்கிறது. எதிரில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு, மனத்தில் இருந்த சொல்லை. முழங்காலைக் கையால் ஒரு முறை சுற்றிச் சொடுக்குப் போடும் நேரம்தான் ஒரு மாத்திரை என்று நீட்டிச் சொல்லும் யோகக் கணக்கும் உண்டு. எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும், ஒன்றுக்கு நான்குக்கு இரண்டு என்ற விகிதம் பல ஆண்டு பழகியவருக்குச் சொன்னது. அதை ஒரு குமாஸ்தா தன் கடிகாரத்தில் வைத்து ஏற்றிக்கொண்டு போவதற்குச் சொன்னது அல்ல.

கும்பகத்தில் இருக்கும் அபாயத்தைச் சற்று விளக்கமாகச் சொல்லலாம். மூச்சை நிறுத்தும்போது எழும் தவிப்புக்குப் பெரும்பாலும் காரணம் பிராணவாயு குறைவது அல்ல. கரியமில வாயு சேர்வது. மூச்சை முன்கூட்டியே பலமாகத் தள்ளிவிட்டு நிறுத்தினால் அந்தத் தவிப்பு தாமதமாகத்தான் வரும். எச்சரிக்கை வருவதற்கு முன்பே மயக்கம் வந்துவிடக்கூடும். எனவே வேகமூச்சுக்குப் பிறகு நீண்ட கும்பகம் என்று அடுக்கும் பயிற்சிகளைத் தனியாக வீட்டில் செய்வது சரியல்ல. தண்ணீருக்குள் செய்வது உயிருக்கே ஆபத்து. இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கருவுற்றிருக்கும் பெண்களும் மூச்சை நிறுத்தும் பயிற்சியை அறவே விட்டுவிட வேண்டும். வலிப்பு உள்ளவர்கள் வேகமூச்சின் பக்கமே போகக் கூடாது. என்னைப் போலத் தூக்கம் போய், படபடப்பு வந்தவர்கள் அன்றே நிறுத்திவிட்டு, மூச்சை அதன் போக்கில் விட வேண்டும். எனக்குத் தூக்கம் திரும்ப ஐந்து வாரம் ஆயிற்று. அதற்குப் பிறகு இன்றுவரை என் கும்பகம் எட்டுத் துடிப்பைத் தாண்டவில்லை.

விளக்கைப் பார்க்கும் பயிற்சி, திராடகம், எனக்கு ஒத்து வரவில்லை. நல்லெண்ணெய் விளக்கின் சுடரைக் கண் மட்டத்தில், ஒரு கை நீளத்துக்கு அப்பால் வைத்து, இமைக்காமல் பார்த்து, கண்ணீர் துளிர்த்ததும் கண்ணை மூடி, உள்ளே தெரியும் சுடரின் உருவத்தில் மனத்தை நிறுத்த வேண்டும். ஹடயோக நூல்கள் ஆறு சுத்திக் கிரியைகளில் ஒன்றாக இதைச் சேர்த்திருக்கின்றன. மூடிய கண்ணுக்குள் தெரியும் அந்தப் பச்சையும் நீலமுமான சுடரை ஜோதி தரிசனம் என்று சொல்லி மாணவர்களைப் பரவசப்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். விழித்திரை ஓரிடத்தில் களைத்துப் போவதால் எதிர் நிறத்தில் தோன்றும் நிழல்தான் அது. சிவப்பு மையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வெள்ளைத் தாளுக்குத் திரும்பினால் எங்கள் அச்சகத்தில் தினமும் இந்தத் தரிசனம் கிடைக்கும். நிழல் என்பதால் பயிற்சி பொய்யாகிவிடாது. நழுவிக்கொண்டே போகும் ஒன்றை நழுவவிடாமல் வைத்திருப்பதுதான் அங்கே வேலை. ஆனால் நாள் முழுவதும் எட்டுப் புள்ளி எழுத்தைப் பார்த்த கண்ணுக்கு அது கூடுதல் சுமையாயிற்று. கண் எரிச்சலும் நெற்றிப் பொட்டில் வலியும் வந்ததும் ஐயாவே நிறுத்தச் சொன்னார். கண் அழுத்த நோய் இருப்பவர்கள் இதைத் தொடாமலிருப்பது நல்லது. புருவ மையத்தில் நினைவை வை என்று சொன்னால் கண் மணிகளை மேலே செருகிக்கொண்டு உட்கார்வதும் இதே வலியைத் தரும்; நினைவைத்தான் அங்கே வைக்கச் சொன்னார்கள், கண்ணை அல்ல.

சதுரகிரி மலைக்கு நான் முதன்முதலாக ஏறியது இந்தக் காலத்தில்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தாணிப்பாறையிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் சுந்தரமகாலிங்கத்தைப் பார்க்க ஏறுவார்கள். வாயை மூடிக்கொண்டு ஏறு என்று ஐயா சொல்லி அனுப்பியிருந்தார். பேசாதே என்று சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். அரை மணி நேரத்தில் அதன் பொருள் தெரிந்தது: மூக்கால் மட்டும் மூச்சு விட்டால், எந்த வேகத்தில் ஏறலாம் என்பதை மூக்கே முடிவு செய்துவிடுகிறது. வாய் திறக்க வேண்டும் போலத் தோன்றும் இடத்தில் நடையைக் குறைத்தால் போதும். வழுக்குப்பாறையில் என்னைத் தாண்டிக்கொண்டு ஓடிய இளைஞர்கள் பலரை ஓடைக்கு அப்பால் மரத்தடிகளில் படுத்துக் கிடக்கப் பார்த்தேன். நான் எங்கும் உட்காரவில்லை. நான்கு காலடிக்கு இழுப்பு, ஆறு காலடிக்கு விடுப்பு என்று ஒரு தாளம் தானாக அமைந்து, இரண்டு மணி நேரம் கலையாமல் ஓடியது. பாயில் உட்கார்ந்து ஒரு நாளும் எனக்கு அவ்வளவு நீளமான ஒருமை வாய்த்ததில்லை. திரும்பி வந்து சொன்னபோது ஐயா தலையாட்டினாரே தவிர, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுபடி அதைத் தேடிக்கொண்டு மலைக்குப் போகாதே என்றார். நான் போனேன். கிடைக்கவில்லை.

நடைமுறையில் பட்டறிந்த சில விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகாமல் நாடிசுத்தி செய்தால் எதுக்களிக்கும். மூக்கு அடைத்திருக்கும் நாளில் விரலால் மூடித் திறந்து மல்லுக்கட்டக் கூடாது; கொட்டைப் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளலாம். எல்லா நேரமும் இரண்டு நாசியும் சமமாகத் திறந்திருக்காது. சில மணி நேரத்துக்கு ஒரு முறை ஒன்று தளர்ந்து மற்றொன்று இறுகுவது உடம்பின் வழக்கம். எந்த நாசியில் மூச்சு ஓடுகிறது என்பதை வைத்துப் பலன் சொல்லும், சரம் பார்க்கிறவர்கள் இதன் மேல்தான் தங்கள் சாத்திரத்தையே கட்டியிருக்கிறார்கள். மூடியிருக்கும் நாசியைத் திறக்க வேண்டுமென்றால் எதிர்ப்பக்கம் ஒருக்களித்துச் சற்று நேரம் படுத்தால் போதும். வலப்பக்கம் படுத்தால் இடது திறக்கும். முதுகு நேராக இருக்க வேண்டும் என்பதற்காகத் தரையில்தான் உட்கார வேண்டும் என்பதில்லை. முழங்கால் வலிக்கிறவர்கள் நாற்காலியில் உட்காரலாம், நான் உட்காருகிறேன். நேரத்தைவிட இடம் முக்கியம் என்பது என் அனுபவம். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து அரைத் தூக்கத்தில் உட்கார்ந்த நாட்களைவிட, ஆறரை மணிக்கு அதே மூலையில், அதே பாயில், முகம் கழுவி உட்கார்ந்த நாட்களில்தான் கொட்டைகள் ஒழுங்காக நகர்ந்திருக்கின்றன. நோட்டு அதைக் காட்டுகிறது.

மந்திரத்தைப் பற்றியும் அதற்கு மேலான படிகளைப் பற்றியும் நான் எழுதப் போவதில்லை. இரகசியம் என்று மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. பஞ்சைப் பிடித்துக்கொண்டு எதிரில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டிய பயிற்சிகள் அவை. எழுத்தால் பஞ்சைப் பிடிக்க முடியாது. தீட்சை பெறாதவருக்குச் சொல்லக் கூடாது என்று மரபு வைத்த கட்டுப்பாட்டில் சாதி, அதிகாரம் என்று வேறு காரணங்களும் கலந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆனால் இந்தக் காரணம் உண்மையானது என்பதை என் இரண்டு மாதத் தூக்கம் சொல்லும்.

சென்ற மாதம் எதிர்வீட்டுப் பையன் ஒருவன் வந்தான். மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறான். புத்தகத்தைத் திறந்தால் மனம் நிற்கவில்லை, ஒரு வாரத்தில் ஏதாவது கற்றுத் தாருங்கள் அத்தை என்று கேட்டான். டப்பாவிலிருந்து ஒரு கைப்பிடி புளியங்கொட்டையை அள்ளிக் கொடுத்து, பத்து நிமிடக் கணக்கையும் சொல்லி அனுப்பினேன். நான்காம் நாள் நோட்டோடு வந்து நின்றான்.

"ரெண்டே ரெண்டுதான் அத்தை நகர்ந்துச்சு" என்றான், முகமெல்லாம் சிரிப்பாக.

இன்னும் ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்தேன்.